பட்டியலில் இல்லாத வீடு



ரமலான் ஏற்பாடுகளைப் பேச அண்மையில் நம் அறக்கட்டளை கூடியபோது ஓர் இளைஞர் கேட்டார்: "மறுபடியும் கொரோனா மாதிரி ஒன்று வந்தால் நாம் என்ன செய்வோம்?" பாத்திரங்கள் இருக்கின்றன, பைத்துல்மாலில் ஓரளவு பணம் இருக்கிறது, வண்டி இருக்கிறது என்று நாங்கள் அடுக்கினோம். அவர் தலையை ஆட்டிவிட்டு, "அதெல்லாம் சரி, யாருக்குச் செய்ய வேண்டும் என்று எப்படித் தெரியும்?" என்றார். இந்த இதழின் பாடத்தை அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறோம். நாங்கள் தவறிய இடங்களையும் மறைக்கப் போவதில்லை.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்து படையோடு திரும்பிய வரலாற்றை மதரஸாவில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த அறிவுரைக்குள் இன்னொரு கடமை அடங்கியிருப்பதை 2020இல்தான் உணர்ந்தோம். ஒருவரை வெளியே போகாதே என்று சொல்லிவிட்டால், அவருக்குச் சோறும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கதவடைத்தவருக்குக் கட்டளை இருப்பதுபோல, அந்தக் கதவுக்கு வெளியே இருப்பவருக்கும் கட்டளை இருக்கிறது.

அந்த ஆண்டு மார்ச் 24, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு ஊர் அடைந்தது. நம் பகுதியில் பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளம். முந்திய சனிக்கிழமை வாங்கிய பணத்தில் அரிசி, பருப்பு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கையில் ஒன்றுமில்லை. மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஏப்ரல் முடியும்போது வந்த நெருக்கடி, பீஸ் ரேட்டில் பிசிர் வெட்டும் பெண்ணின் வீட்டில் ஐந்தாம் நாளே வந்துவிட்டது. அரசு அரிசி குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயையும் இலவசமாகக் கொடுத்தது. பெரிய உதவிதான். ஆனால் அட்டை இருந்தால்தானே?

ஏப்ரல் 25 முதல் நோன்பு. பள்ளிவாசலில் கூடக் கூடாது, கஞ்சி காய்ச்சி விநியோகிக்கவும் கூடாது. எனவே அரசு கஞ்சிக்காக வழங்கும் பச்சரிசியை, தமிழகத்தின் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன், பைகளில் போட்டுத் தன்னார்வலர்கள் மூலம் வீடுகளுக்கே கொடுக்கச் சொன்னார்கள். நாங்களும் ஜமாஅத் சந்தாப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் பெயராக டிக் போட்டு, இரண்டே நாளில் முடித்தோம். ஒரு வீடும் விடவில்லை என்று திருப்தியாகப் பேசிக்கொண்டோம்.

நோன்பு பத்தைத் தாண்டிய பிறகுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. ஆண்டுதோறும் அஸருக்குப் பின் தூக்குப் போசியோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் ஒரு கிழவி. நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்ல. பிள்ளைகள் கைவிட்டவர், லைன் வீட்டுக் கடைசி அறையில் தனியாக இருப்பவர். நோன்பு முப்பது நாளும் கஞ்சிதான் அவருக்கு இரவு உணவு. சந்தாப் புத்தகத்தில் அவர் பெயர் எப்படி இருக்கும்? பதறிப்போய் அரிசிப் பையோடு ஓடினோம். அவர் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க பாய், அரிசிய வெச்சு நா என்ன பண்றது? அடுப்பு இல்லீங்களே."

கூலி வேலை செய்தபோது டீக்கடையிலும் ஓட்டலிலும் சாப்பிட்டே காலம் தள்ளியவர். கடைகள் மூடியதும் அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்ததைத் தின்று இருந்திருக்கிறார். அப்படி அவருக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தோம். அதே வரிசையில் மூன்றாவது வீட்டில் இருந்த ஓர் ஒடிசாக் குடும்பம். அவர்களுக்கே அட்டை கிடையாது, கம்பெனி மூடிக் கிடக்கிறது.

நபி (ஸல்) அவர்களிடம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், எனக்கு அண்டை வீட்டார் இருவர் இருக்கிறார்கள், யாருக்கு அன்பளிப்புக் கொடுப்பது என்று கேட்டபோது, வாசல் மிக அருகில் இருப்பவருக்கு என்று விடை கிடைத்ததாகப் புகாரியில் வருகிறது. இது வெறும் முன்னுரிமை பற்றிய சட்டம் என்றே நாங்கள் படித்திருந்தோம். அருகில் இருக்கும் வாசலுக்குத்தான் உள்ளே அடுப்பு எரிகிறதா என்று தெரியும் என்பது அந்த லைன் வீட்டில்தான் புரிந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. நம் புத்தகத்தில் முதல் வகை மட்டும்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். அரிசியைக் கொண்டுபோய் அந்த ஒடிசாக் குடும்பத்திடமே கொடுத்து, இன்னும் ஒரு வாய்க்குச் சேர்த்துச் சமைக்கச் சொன்னோம். பேச்சுக்குத் துணை நின்றவர்கள் வீட்டில் உருது பேசும் நம் சகோதரிகள். கம்பெனி கேட்டுக்கு உள்ளே எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண் நிறைமாதம் என்றெல்லாம் ஒரே தொலைபேசிப் பேச்சில் வாங்கிவிடுவார்கள். ஆண்களாகிய எங்களிடம் "எல்லாம் சரிதான் பாய்" என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள். இதே நாட்களில் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் ஊராட்சிதோறும் சமூகச் சமையலறை நடத்தினார்கள். நம் பக்கம் கோவை ஆலாந்துறையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி, உளுந்து விலை ஏறியபோதும் இட்லியை ஒரு ரூபாய்க்கே கொடுத்துக்கொண்டிருந்தார். அரிசி மூட்டைக்கும் பசித்த வயிற்றுக்கும் நடுவே ஓர் அடுப்பு இருப்பதை அவர்கள் மறக்கவில்லை.

இன்னொரு தவறு எங்கள் மனத்தை இன்றும் உறுத்துகிறது. மளிகைப் பை கொடுக்கும்போது போட்டோ எடுத்தோம். நன்கொடையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமே என்ற எண்ணம்தான். நம் மஹல்லாவிலேயே தையல் கடை வைத்திருந்த ஒருவர் பை வாங்க வரவே இல்லை. வசதி இருக்கிறது போலும் என்று விட்டுவிட்டோம். அவர் வீட்டில் மிஷினையே விற்றுவிட்டார்கள் என்பது பெருநாளுக்குப் பின் தெரிந்தது. கேட்கக் கூசுவதாலேயே வசதியானவர் என்று பிறர் எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றி அல்பகரா 273ஆம் வசனம் சொல்கிறது. அதை எத்தனை ஜகாத் கூட்டங்களில் ஓதியிருக்கிறோம்! அவர் எங்கள் முன்னாலேயே இருந்தார். அன்றோடு போட்டோ நின்றது. கணக்கு வேண்டுவோர் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம்.

2021 இரண்டாம் அலை வேறு மாதிரி இருந்தது. மே கடைசி வாரத்தில் கோவையின் தினசரித் தொற்று சென்னையையும் தாண்டியது. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, திருப்பூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. இம்முறை பசியைவிட மூச்சுத்திணறலே பயம். ஆக்சிமீட்டர் அளவு 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் வாங்கி வைத்த கருவிகளோ ஒரு நிர்வாகியின் வீட்டுப் பீரோவில் இருந்தன. அவருக்கே தொற்று வந்து வீடு அடைபட்டபோது சாவியும் உள்ளே போய்விட்டது. பொருளை ஒரே வீட்டில் வைக்கக் கூடாது என்பதை அப்போது கற்றோம். (பெருநாள் மருதாணி அடர்த்தியாக இருக்கும் விரலில் அந்தக் கருவி தவறான அளவைக் காட்டக்கூடும் என்பதையும் சகோதரிகள் நினைவில் வைக்கவும்.)

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, சொல்லாமல் இருந்த முதியவர்கள் எத்தனையோ. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் இப்போது வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அது வருகிறதா? வராவிட்டால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் பதிய ஒருவர் கூடப் போனால் போதும். இதற்குக் கொள்ளைநோய் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த இளைஞரின் கேள்விக்கு இப்போதைக்கு எங்களிடம் உள்ள பதில் ஒரு குறிப்பேடு. இது சந்தாப் புத்தகம் அல்ல, தெருப் புத்தகம். தெருவுக்கு ஒரு பக்கம். தனியாக இருப்பவர், நடக்க முடியாதவர், அட்டை இல்லாதவர், அடுப்பு இல்லாதவர், இன்சுலின் போடுபவர் என்று எந்த மதமானாலும் அவரவர் சம்மதத்தோடு குறிக்கிறோம். பக்கத்தில் இன்னொரு பெயர் கட்டாயம் இருக்கும்: அவர் வாசலுக்கு மிக அருகில் உள்ள வீடு. குறிப்பேட்டை நம் சகோதரிகள் மூவர் வைத்திருக்கிறார்கள். வேறு யாரும் பார்ப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் போகாது.

அறக்கட்டளை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர்கள் இருப்பார்கள். உங்கள் தெருவைச் சொல்லி, விடுபட்ட வீட்டைச் சொல்லுங்கள். மங்கலம் சாலைப் பக்கங்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. சேவூர் சாலைப் பக்கங்களில் இன்னும் பாதி வெற்றாகவே கிடக்கிறது.