மன நோவுக்கும் மருந்துண்டு

நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. காய்ச்சலுக்கு டாக்டரிடம் ஓடும் நாம், மனம் நொந்தால் மட்டும் "ஈமான் குறைவு" என்று சொல்லி ஒதுங்குவது ஏன்?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஆலை வேலைக்காகக் குடியேறிய குடும்பங்கள் பல. இரவு ஷிப்ட் முடித்து வரும் கணவருக்குத் தூக்கம் வேண்டும். இரவெல்லாம் பிள்ளைகளோடு தனித்திருந்த மனைவிக்குப் பேச்சுத் துணை வேண்டும். சமாதானம் செய்யும் பெரியவர்களோ சொந்த ஊரில். சிறு சொல் பெரும் பிணக்காகிறது.

பிளவை அஞ்சினால் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தும்படி திருமறையின் 4:35 வசனம் பணிக்கிறது. ஆகவே, பிறர் உதவியை நாடுவது இழுக்கல்ல. கி.பி. 934இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தோடு மன நலத்தையும் சேர்த்தே நூல் எழுதினார்.

மனநல ஆலோசகர் தீர்ப்புச் சொல்பவரல்லர். ஒருவர் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்கப் பழக்குகிறார். கோபத்தின் வேரைக் காண உதவுகிறார். கேட்ட இரகசியம் அவரிடம் அமானிதம். ஆனால் அடி உதை உள்ள வீட்டில் பொறுமையை மட்டும் உபதேசிப்பது நீதியாகாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு.

1974இல் அமைந்த நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே உள்ளது. 2022இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் இரவு பகலாக இலவசமாய் அழைக்கலாம்.

துஆவையும் விடாதீர்கள், மருந்தையும் விடாதீர்கள். அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பை நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.