சிறிய வகுப்பா, பெரிய வகுப்பா: பள்ளி தேர்வோருக்கான வழிகாட்டி

பள்ளி தேடும் பெற்றோர் கட்டணத்துக்கும் தூரத்துக்கும் அடுத்தபடியாகக் கேட்பது வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதாகும். அதற்குப் பள்ளிகள் தரும் விடையோ பெரும்பாலும் வேறொரு கேள்விக்கு உரியதாக இருக்கிறது. ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்போரின் எண்ணிக்கை வகுப்பளவு எனப்படும். பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கையை மொத்த ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது ஆசிரியர்–மாணவர் விகிதம். உடற்கல்வி ஆசிரியர், ஓவிய ஆசிரியர், வகுப்பெடுக்காத தலைமையாசிரியர் ஆகியோரும் இந்த வகுத்தலில் சேர்ந்துவிடுவதால், விளம்பரத் தாளில் இருபதுக்கு ஒருவர் என்று அச்சிட்டிருக்கும் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பின் ஒவ்வொரு பிரிவிலும் நாற்பத்தைந்து பேர் அமர்ந்திருக்க முடியும்.

இதற்கு நேரெதிரான மயக்கம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் அறுபது மாணவர் வரையுள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை விதிக்கிறது. அறுபது பேரும் ஐந்து வகுப்புகளில் சமமாகப் பரவியிருந்தால் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் என்றாகும். நகரத்துப் பெற்றோருக்கு அது கனவு எண். ஆனால் ஐந்து வகுப்புகளையும் இரண்டு ஆசிரியர்களே பகிர்ந்துகொள்வதால், ஒருவர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அதே அறையின் மறுபுறம் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பார்த்தெழுதிக்கொண்டிருக்கும். ஆகவே ஈராசிரியர் பள்ளியின் பன்னிரண்டு பேர் வகுப்பைச் சிறிய வகுப்பென்று சொல்வதைவிட, மூன்றாகப் பிளந்த ஒரு பெரிய வகுப்பென்று சொல்வதே பொருந்தும். இரு பள்ளிகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டியது, ஒரு குறிப்பிட்ட பாடவேளையில் ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் முன் எத்தனை பிள்ளைகள், எத்தனை வகுப்புப் பிள்ளைகள் என்பதுதான்.

சிறிய வகுப்பின் பயனைப் பற்றிய வாதங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த ‘ஸ்டார்’ என்னும் சோதனை. மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, 79 பள்ளிகளில், மாணவரும் ஆசிரியரும் குலுக்கல் முறையில் மூன்று வகையான வகுப்புகளில் சேர்க்கப்பட்டனர்: 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே அளவில் முழுநேர உதவியாளர் ஒருவரும் உள்ள வகுப்பு. வசதியுள்ள பிள்ளைகள் நல்ல பள்ளியில் சேர்வதால் வரும் வேறுபாட்டைக் குலுக்கல் நீக்கிவிடுகிறது என்பதே இந்தச் சோதனையின் மதிப்பு. சிறிய வகுப்பினர் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினர். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அடைந்த பயன் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. உதவியாளரை அமர்த்தியதால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. நான்காம் வகுப்பில் எல்லோரும் வழக்கமான வகுப்புக்குத் திரும்பிய பின்னும், தொடக்கத்தில் சிறிய வகுப்பில் இருந்தவர்கள் பின்னாளில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகவே இருந்தது. இந்தச் சோதனையை எடுத்துக்காட்டுவோர் பலரும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றுண்டு: அங்கே பெரியது எனக் கணக்கிடப்பட்ட இருபத்தைந்து பேர் வகுப்பு தமிழ்நாட்டின் நகரப் பள்ளி எதிலும் சிறியதாகவே எண்ணப்படும். ஐம்பதை நாற்பதாகக் குறைப்பதால் என்ன விளையும் என்பதற்கு டென்னசியில் விடை இல்லை.

மற்ற நாடுகளின் சான்றுகள் இவ்வளவு தெளிவாக இல்லை. இஸ்ரேலில் ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்பது விதி. பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸின் பெயரால் அது வழங்குகிறது. நாற்பது பேர் சேர்ந்தால் ஒரே வகுப்பு, நாற்பத்தொருவர் சேர்ந்தால் இரண்டு சிறிய வகுப்புகள் என ஒரு பிள்ளையின் சேர்க்கையால் வகுப்பளவு பாதியாகிவிடும் இந்த விநோதத்தைப் பயன்படுத்தி ஆங்கிரிஸ்ட், லேவி என்னும் பொருளியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாம் வகுப்பில் சிறிய வகுப்புக்குத் தெளிவான பயனைக் கண்டது; பிற்காலத் தரவுகளைக் கொண்டு அவர்களே மீண்டும் ஆராய்ந்தபோது அந்தப் பயன் தென்படவில்லை. கென்யாவில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இருந்த முதல் வகுப்புகளைக் கூடுதல் ஆசிரியரைக் கொண்டு ஏறத்தாழப் பாதியாக்கியபோதும், பழைய ஆசிரியரிடமே தொடர்ந்த பிள்ளைகளின் முன்னேற்றம் சொற்பமாகவே இருந்தது.

இந்தியச் சான்று இவற்றைவிடக் கூர்மையானது. மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்னும் தொண்டு அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை உள்ளூர் இளம்பெண் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அழைத்துச் செல்லப்பட்டவர்கள் நன்கு முன்னேறினர். அந்த இரண்டு மணி நேரமும் எண்ணிக்கை குறைந்த வகுப்பில் வழக்கமான ஆசிரியருடன் இருந்தவர்களிடமோ குறிப்பிடும்படியான முன்னேற்றம் காணப்படவில்லை. இரு தரப்புக்கும் வகுப்பு சிறிதானது. ஒரு தரப்புக்கு மட்டுமே பாடம் மாறியது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் தமிழ்நாட்டின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும், வகுப்பின் அளவைக் காட்டிலும் பிள்ளை நிற்கும் படியைக் கணக்கில் கொள்ளும் இதே வழியில் செல்வதுதான்.

ஆக, இடம் கிடைப்பதோடு ஆசிரியர் செய்யும் வேலையும் மாறினால்தான் சிறிய வகுப்புக்குப் பொருள் உண்டு. எந்த வேலை என்பதை ஒரு கணக்கு நோட்டில் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்றும், 81இலிருந்து 46ஐக் கழித்து 45 என்றும், 60இலிருந்து 38ஐக் கழித்து 38 என்றும் எழுதியிருக்கிறாள். மூன்று விடையும் தவறு; ஆனால் மூன்றும் ஒரே தவறு. கடன் வாங்கிக் கழிப்பதை அவள் கற்கவில்லை. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடுகிறாள். மூன்று சிவப்புப் பெருக்கல் குறிகளும் ஒரு கையொப்பமும் இட்டு நோட்டைத் திருப்பித் தரும் ஆசிரியர் தவறைப் பார்த்தவர். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டி, ஒன்றாம் இடத்துக்கு எதை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அருகில் அமர்ந்து சொல்பவர்தான் தவறின் காரணத்தைப் பார்த்தவர். முன்னதற்கு அரை நிமிடம் போதும், பின்னதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும்.

நேரக் கணக்கு இங்கேதான் இறுகுகிறது. ஒரு நோட்டுக்கு இரண்டே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், நாற்பத்தைந்து பேர் கொண்ட ஐந்து பிரிவுகளுக்குப் பாடமெடுக்கும் ஆசிரியருக்கு 225 நோட்டுகளைத் திருத்த ஏழரை மணி நேரம் பிடிக்கும். பிரிவுக்கு இருபத்தைந்து பேர் எனில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நாளுக்கு ஓர் ஓய்வுப் பாடவேளை கிடைத்தாலே பெரிது என்னும் நிலையில், முதல் கணக்கு வாரத்துக்குள் அடங்காது, இரண்டாவது முக்கி முனகியாவது அடங்கிவிடும். கட்டுரை, கடிதம், வரைபடத்துடன் கூடிய அறிவியல் விடை என ஆசிரியரின் கண் பட்டாக வேண்டிய எழுத்து மிகுந்த பாடங்களில் வகுப்பளவு முதலில் காவு கொள்வது இந்தத் திருத்தத்தைத்தான். வரிசைக்கு ஒரு மாணவரை எழுப்பி விடையைக் கரும்பலகையில் எழுதச் செய்து, மற்றவர் தாமே சரிபார்த்துக்கொள்ளும் வழக்கம் சோம்பலால் வருவதன்று, எண்ணிக்கையால் வருவது.

பெரிய வகுப்பின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை 1789இலிருந்து மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். சட்டாம்பிள்ளையைப் போல மூத்த மாணவர் இளையவர்க்குப் பாடம் சொல்லும் ஏற்பாட்டையும் அங்கே நிலைப்படுத்தி, 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்கு மலிவாகக் கல்வி தரலாம் என்பதே அதன் கவர்ச்சி. மலிவுக்காகப் பரவியது என்பதை மறக்கத் தேவையில்லை என்றாலும், கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் தெளிவடைகிறது என்ற உண்மை அதனுள் இருந்தது. ஐம்பது பேர் வகுப்பை ஐந்து குழுவாக்கி, குழுத் தலைவர்களை வாரந்தோறும் மாற்றி நடத்தும் ஆசிரியரிடம், இருபது பேரை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடமும் தாமே பேசித் தீர்க்கும் ஆசிரியரிடம் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம்.

வயதும் இந்தத் தேர்வை மாற்றும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளையைத் தினமும் வாய்விட்டு வாசிக்கச் செய்து கேட்க ஒருவர் வேண்டியிருப்பதால், மூன்றாம் வகுப்பு வரை சிறிய வகுப்புக்காகச் செலவிடும் பணம் வீணாவது அரிது. மேல்நிலை வகுப்பில் விரிவுரையாக நடக்கும் பாடத்துக்கு நாற்பது பேருக்கும் அறுபது பேருக்கும் பெரிய வேறுபாடில்லை. அங்கே சிறிய எண்ணிக்கை தேவைப்படுவது செய்முறை வகுப்புக்கு. பள்ளிகள் அதற்கு மாணவரை பேட்ச் பேட்சாகப் பிரிக்கின்றன. ஒரு பேட்சில் எத்தனை பேர், ஒரு பியூரெட்டை எத்தனை கைகள் பகிர்கின்றன என்று கேட்பது பிரிவின் எண்ணிக்கையைக் கேட்பதைவிடப் பயன் தரும்.

சிறிய வகுப்புக்கு விலை உண்டு. நாற்பது பேர் பகிரும் ஆசிரியர் ஊதியத்தை இருபது பேர் பகிர வேண்டியிருப்பதால், கட்டணம் ஏறாமல் வகுப்பு மட்டும் சிறுத்திருக்கும் தனியார் பள்ளியில் குறைந்திருப்பது பெரும்பாலும் ஆசிரியரின் சம்பளமாகவே இருக்கும். சம்பளம் குறைந்த இடத்தில் ஆசிரியர் நிலைப்பதில்லை. அரசுகளும் இந்தக் கணக்குக்குத் தப்பியதில்லை. 1996இல் கலிஃபோர்னியா மாநிலம் தொடக்க வகுப்புகளை இருபது பேருக்குள் கொண்டுவர விரைந்தபோது, திடீரெனத் தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான இடங்களுக்கு முழுத் தகுதிச் சான்று இல்லாதவர்களையும் அமர்த்த நேர்ந்தது. அவர்கள் மிகுதியாகச் சேர்ந்தது ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில்.

மிகச் சிறிய வகுப்புக்கும் குறையுண்டு. எட்டே பேர் உள்ள வகுப்பில் ஒருவருடன் பிணக்கு வந்தால் பிள்ளைக்கு ஒதுங்க வேறு கூட்டம் இல்லை. கபடிக்கு ஓர் அணி சேர்ப்பதற்குக்கூட அடுத்த வகுப்பில் ஆள் தேட வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை சிறிய வகுப்பில் மலரும் என்பது பொதுவாக உண்மையே ஆனாலும், எல்லோர் பார்வையும் தன்மேல் விழுவதால் மேலும் சுருங்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு முப்பது பேரின் மறைவு ஓர் ஆறுதல்.

எனவே, வாசிப்பிலோ அடிப்படைக் கணக்கிலோ தடுமாறும் இளம்பிள்ளைக்கு, ஆசிரியர் நிலைத்திருக்கும் சிறிய வகுப்பையே தேர்வது நன்று. அதற்காகச் சற்றுத் தூரமான பள்ளிக்கு அனுப்புவதும் தகும். தானாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்ட எட்டாம் வகுப்பு மாணவருக்குச் சிறிய வகுப்பும் புதிய ஆசிரியரும் ஒருபுறம், பெரிய வகுப்பும் பத்தாண்டு அனுபவமுள்ள கணக்கு ஆசிரியரும் மறுபுறம் என்றால், பின்னதைத் தேர்வதில் தயங்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் முடிவெடுக்க எளிய வழி, பள்ளியைப் பார்க்கச் செல்லும் நாளில் கணினி அறையையும் நீச்சல் குளத்தையும் சுற்றிப் பார்த்த பின், அங்கே படிக்கும் ஏதேனும் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கி நடுப்பக்கத்தைப் புரட்டுவது. சரி, தவறு என்ற குறிகளுக்கு அருகே ஆசிரியர் கைப்பட ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா, அதற்கடுத்த பக்கத்தில் பிள்ளை அந்தக் கணக்கை மறுபடி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்கலாம்.