விண்டோஸ் தானாக ஏற, டிரைவர்களை அடுக்கிவைப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

சென்னையில் மாத்தூர், மணலி பக்கம் கணினி சர்வீஸ் செய்பவரிடம் கிடங்கு அலுவலக டெஸ்க்டாப், எடைமேடைக் கணினி, பிள்ளைகளின் அரசு மடிக்கணினி என எல்லாமே வரும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலையும் சேர்ந்துகொண்டது. மொழி, பயனர் பெயர், பார்ட்டிஷன் எல்லாவற்றுக்கும் விடை எழுதிய கோப்பைப் பென் டிரைவில் வைத்துவிட்டால் ஓஎஸ் தானாக ஏறும். ஆனால் டிரைவர் தயாராக இல்லையென்றால் வேலை பாதியில் நிற்கும்.

படி 1: எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

மேல்மூடியைப் பார்த்து டிரைவர் தேடாதீர்கள். 2011 செப்டம்பர் 15-இல் காக்களூரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லெனோவோ, ஏசர், எச்பி எனப் பல நிறுவனங்களின் கருவிகள் வந்தன. மூடியில் அரசு முத்திரை ஒன்றுதான். உள்ளே பாகங்கள் வேறு.

டிவைஸ் மேனேஜரில் பாகத்தை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். அங்கே 8086 என்றிருந்தால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா. அடுத்து வரும் டிவைஸ் எண் சரியான சிப்பைச் சொல்லும்.

படி 2: ஃபார்மட்டுக்கு முன்பே எடுத்துவையுங்கள்

பழைய விண்டோஸ் ஓடுகிறதென்றால், டிஸ்ம் கருவியின் எக்ஸ்போர்ட் டிரைவர் கட்டளை எல்லா வெளி நிறுவன டிரைவர்களையும் ஒரே ஃபோல்டரில் எடுத்துத் தரும். ஓடாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். இஎக்ஸ்இ கோப்பாக வந்தால் பிரித்தெடுங்கள். ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் கோப்புகள் சேர்ந்தே இருக்க வேண்டும். கேட் கோப்பில்தான் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அது இல்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது.

படி 3: ஃபோல்டர் அமைப்பு

நிறுவனம், மாடல், ஓஎஸ், பாகம் என்ற வரிசையில் அடுக்குங்கள். பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சுருக்கமாக வையுங்கள். ஸ்டோரேஜ், நெட்வொர்க் டிரைவர்களுக்குத் தனி இடம் கொடுங்கள். நெட்வொர்க் கிடைத்துவிட்டால் மீதியைப் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும்.

படி 4: பென் டிரைவில் ஏற்றுதல்

விடைக்கோப்பை ஆட்டோஅன்அட்டெண்ட் என்ற பெயரில் பென் டிரைவின் முதல் நிலையில் வையுங்கள். அதே இடத்தில், முன்னும் பின்னும் டாலர் குறியிட்ட வின்பிஇடிரைவர் என்ற ஃபோல்டரில் அன்றைக்கு வேண்டிய மாடலின் டிரைவர்களைப் போடுங்கள். செட்டப் தானே படித்துக்கொள்ளும். இரண்டு பெயர்களும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல கணினிகளில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் வசதி இயக்கத்தில் இருப்பதால், அதற்கான ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் டிஸ்க்கே தெரியாது. அதை மறக்காதீர்கள்.

எச்சரிக்கை: விடைக்கோப்பில் டிஸ்க்கை அழிக்கச் சொல்லியிருந்தால், செட்டப் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிடும். முதலில் பேக்கப் எடுங்கள். மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள்.

படி 5: எடைமேடைக் கணினி

எடை காட்டும் கருவி பெரும்பாலும் சீரியல் கேபிளில், யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகத்தான் கணினிக்கு வருகிறது. ஹார்டுவேர் ஐடியில் 067பி என்றால் புரோலிஃபிக், 0403 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340 வகை. பழைய புரோலிஃபிக் எச்எக்ஸ்ஏ சிப்பைப் புதிய டிரைவர் ஏற்காது. 2012-லேயே உற்பத்தி நின்றுவிட்டதென்று டிவைஸ் மேனேஜரிலேயே காட்டும். அங்கே கேபிளையே மாற்றுவது நல்லது.

காம் போர்ட் எண்ணையும் முன்பே எழுதிவையுங்கள். எடை மென்பொருள் காம் 3-ஐத் தேடும்போது விண்டோஸ் காம் 5 கொடுத்திருந்தால் திரையில் எடை வராது. மேடைக்கு முன்னால் லாரிகள் வரிசை கட்டிவிடும். போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் பழைய எண்ணையே கொடுங்கள்.

படி 6: சரிபார்த்தல்

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் ஏறவில்லை. அதன் ஐடியை வைத்துத் தேடி நிறுவி, அந்த மாடலின் ஃபோல்டரிலும் உடனே சேர்த்துவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விடாமல் செய்கிறவருக்கு, அதே மாடல் அடுத்த முறை வரும்போது தேடும் வேலையே இருக்காது.