மேடை வாக்கும் அவை வாக்கும்

தமிழிலே ‘வாக்கு’ என்னும் சொல் பேச்சையும் குறிக்கும். பாராளுமன்றத்தில் ஒருவர் அளிக்கும் சம்மதத்தையும் மறுப்பையும் குறிக்கும். பிரதிநிதிகளை மதிப்பிட முற்படுவோர் மேடை வாக்கைக் கேட்டு மகிழ்ந்து, அவை வாக்கை ஆராயாது விடுவதே பெருவழக்கு. மேடைப் பேச்சு காற்றோடு போம். பெயர் கூறி அளித்த வாக்கோ ஹன்சாட் என்னும் அவைப் பதிவில் நிலைத்து நிற்கும். அப்பதிவை ஒப்பிட்டு நோக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, ஒரே பொருள் பற்றிய இரு வாக்குகளை அருகருகே வைத்தல் வேண்டும். 1948ஆம் ஆண்டு ஓகஸ்டில் இலங்கைக் குடியுரிமை மசோதாவைத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலமும், அக்கட்சியினரான எஸ். ஜே. வி. செல்வநாயகமும் எதிர்த்தனர். அவ்வளவில் நின்றால் இருவரும் ஒரு நிலையினர் என்றே தோன்றும். அவ்வாண்டு டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமை மசோதா வந்தபோது பொன்னம்பலம் ஆதரித்தார், செல்வநாயகம் எதிர்த்தார். மறு ஆண்டு டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. இச்சட்டங்கள் மலைநாட்டுத் தோட்டங்களோடு நின்றனவல்ல. முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் தாக்கின.

இரண்டாவது, வாக்களித்தவர் அமர்ந்திருந்த ஆசனத்தையும் நோக்குதல் வேண்டும். இரு வாக்குகளுக்குமிடையே பொன்னம்பலம் அமைச்சராகியிருந்தார். அமைச்சரைக் கூட்டுப் பொறுப்புப் பிணிக்கும். ஏனையோரைக் கட்சிக் கொறடாவின் கட்டளை பிணிக்கும். பதிவு ‘என்ன’ என்பதைக் காட்டும். ‘ஏன்’ என்பதை நாமே ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது, வாராமையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். 1964 டிசெம்பர் 3ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 74க்கு 73 என ஒரே வாக்கால் தோற்றது. அத்தகைய நாளில் ஒருவருடைய வெற்றாசனமும் ஒரு வாக்கின் பயனைத் தரும்.

இவ்விதிகளைக் கொண்டு அண்மைக்காலத்துப் பாராளுமன்றம் ஒன்றைப் பரீட்சிப்போம். 2010இல் தெரிவான 225 பேர் கொண்ட அவை, அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆம் நாள் 18ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. ஒருவர் இரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகலாகாது என்ற தடையை அது நீக்கியது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. அதே அவை 2015 ஏப்ரில் 28ஆம் நாள் 19ஆவது திருத்தத்தால் அத்தடையை மீள விதித்தது. ஆதரவு 212; எதிர்ப்பு 1. 161ஐயும் 212ஐயும் கூட்டி 225ஐக் கழிப்பின் 148 எஞ்சும். இடையில் மாறிய உறுப்பினரைத் தள்ளினும், நூற்றுக்கு மேற்பட்டோர் ஒன்றையொன்று மறுக்கும் இரு திருத்தங்களுக்கும் உடன்பட்டனர் என்பது இக்கணக்கால் விளங்கும்.

கொழும்பு மாவட்டத்து வாக்காளர் தாம் தெரிந்த கட்சியின் வேட்பாளருள் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். முன்னர் அவையில் இருந்தவர் மீண்டும் வாக்குக் கேட்டு வரின், அவர் அளித்த நான்கைந்து வாக்குகளையேனும் முதலில் ஒப்பிட்டு அறிதல் நம் கடனாகும். பிறர் வாக்கை ஆராய்ந்தவனே தன் வாக்கின் பெறுமதியை உணர்வான்.