வெள்ளி மதியத்தில் தொடங்கும் வாரம்

காலை ஐந்தே முக்கால் மணி. சார்ஜாவில் ஓர் அடுக்குமாடி வாசலில் பள்ளி பஸ்ஸுக்காக ஓர் ஆசிரியை நிற்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் திருத்தி முடிக்காத நோட்டுக் கட்டு. ஏழு மணிக்குள் துபாயில் வகுப்பு வாசலில் இருந்தாக வேண்டும்.

துபாயின் இந்தியன் ஹை ஸ்கூல் தொடங்கியது 1961-இல். அன்று முதல் நம் ஊர் ஆசிரியர்கள் அமீரகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். வேலை கிடைப்பதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் உண்டு. கிடைத்த பிறகு வாரத்தை எப்படி ஓட்டுவது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. முதல் ஆண்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன்.

வெள்ளி: இங்கிருந்து எண்ணுங்கள்

2021 வரை அமீரகத்தில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. 2022 ஜனவரியில் அது திங்களுக்கு மாறியது. துபாயில் வெள்ளிக்கிழமை அரை நாள். ஜும்மா தொழுகைக்கு முன்பே பள்ளி விட்டுவிடும். சார்ஜாவில் வெள்ளி முழு விடுமுறை.

வேலை துபாயில் என்றால், வெள்ளியன்று பிள்ளைகள் போன பிறகு அரை மணியோ ஒரு மணியோ ஸ்டாஃப் ரூமில் உட்காருங்கள். அடுத்த வாரத்து லெசன் பிளானை முடித்து, பிரிண்ட் எடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இதை ஞாயிறு இரவுக்குத் தள்ளினால் சனி, ஞாயிறு இரண்டுமே அந்த நினைப்பிலேயே போய்விடும். வேலை சார்ஜாவில் என்றால் இதே ஒரு மணியை வியாழன் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்பே யோசியுங்கள். வாடகை குறைவென்று சார்ஜாவில் குடியிருந்து துபாயில் கற்பிப்பவர்கள் பலர். பிள்ளைகள் சார்ஜா பள்ளியில் படித்தால், வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை, உங்களுக்கு வேலை. பார்த்துக்கொள்ள யார் என்பதை வீடு பிடிக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

திங்கள்: பாதையும் தொலைபேசியும்

சார்ஜா - துபாய் சாலை நெரிசல் ஊரறிந்தது. பஸ்ஸில் போகும் அந்த நேரத்தில் நோட்டு திருத்தாதீர்கள். கண்ணும் கழுத்தும் தாங்காது. ஊருக்குப் பேசுங்கள். அமீரக நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். இங்கே ஆறு என்றால் அங்கே ஏழரை. தாத்தா பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளை சீருடை போட்டுப் புறப்படும் நேரம் அது. இரவு ஒன்பதரைக்கு அழைத்தால் அங்கே பதினொன்று, வீடு தூங்கியிருக்கும்.

செவ்வாய், புதன்: நோட்டு மலை

ஐந்து பிரிவு, பிரிவுக்கு 30 பிள்ளைகள் என்றால் 150 நோட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவே வாங்காதீர்கள். நாளுக்கு ஒரு பிரிவு. திங்களில் தொடங்கினால் வெள்ளியோடு ஐந்தும் முடியும். யாராவது லீவு போட்டால் உங்கள் ஓய்வுப் பீரியடில் சப்ஸ்டிடியூஷன் வந்து விழும். அதனால் தினமும் ஒரு பீரியடை மட்டும் நம்பித் திட்டம் போடுங்கள். இரண்டாவது கிடைத்தால் லாபம்.

வகுப்புக்குள் சூப்பர்வைசர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். துபாய் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கே.எச்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. அதன் ஆய்வாளர்கள் வந்தால் பிள்ளைகளிடமே கேள்வி கேட்பார்கள். என்ன படித்தாய், எதற்குப் படித்தாய் என்று கேட்டால் பிள்ளை சொல்லத் தெரிய வேண்டும். வகுப்பு முடியும் முன் மூன்று நிமிடம் ஒதுக்கி, இன்று கற்றதைப் பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். ஆய்வே வராத ஆண்டிலும் இந்தப் பழக்கம் வீண்போகாது.

வியாழன்: பெற்றோர் நாள்

பெற்றோரின் செய்திகள் வார இறுதி நெருங்க நெருங்கக் கூடும். சொந்த எண்ணைத் தராதீர்கள். பள்ளி ஆப்பிலேயே பதில் சொல்லுங்கள். அதற்கு ஒரு நேரம் குறித்து முதல் வாரமே சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் மதிப்பார்கள்.

டியூஷன் கேட்டும் அழைப்பு வரும். அனுமதி இல்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. 2023 டிசம்பரிலிருந்து தனிப்பயிற்சிக்கு அரசே அனுமதி தருகிறது. கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு செல்லும். அதை வாங்கிக்கொண்டு எடுங்கள்.

சனி: காகிதங்களைப் பாருங்கள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் ஆவணங்களுக்கு. ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைவிட அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைக் கவனியுங்கள். ஓராண்டு முடித்தவர்களுக்கு உரிய பணிக்கொடையை, கிராஜுவிட்டியை, அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். மொத்தம் 5,000 திர்ஹாம் வாங்கினாலும் அடிப்படை 3,000 என்றால், ஆண்டுக்கு 2,100 திர்ஹாம்தான் சேரும். கையெழுத்துப் போடும் முன்பே பேச வேண்டிய விஷயம் இது.

விசாச் செலவையும் ஆளெடுக்கும் செலவையும் வேலை தருபவர்தான் ஏற்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவர் பிடித்துவைக்கக் கூடாது. என் பாஸ்போர்ட்டை ஒருமுறை பத்திரத்துக்கு என்று வாங்கி வைத்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். எழுத்தில் கேட்ட மறுநாளே திரும்பக் கிடைத்தது. கூச்சப்படாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

இன்னும் ஊரிலேயே இருப்பவர்கள் சான்றிதழ் அட்டஸ்டேஷனை இப்போதே தொடங்குங்கள். மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று முத்திரைகள் வரிசையாக விழ வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். மார்ச்சில் ஓடினால் போதாது.

ஞாயிறு: எதையும் வைக்காதீர்கள்

தூங்குங்கள், சமையுங்கள், கடற்கரைக்குப் போங்கள். தேர்வு வாரமும் ஆண்டு விழா வாரமும் இந்த அட்டவணையைக் கலைத்துப் போடும். ரமலானில் துபாய் பள்ளிகள் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடக்காது; பீரியடுகள் சுருங்கும், பாடம் சுருங்காது. அந்த வாரங்களில் எதை விட்டாலும் வெள்ளி மதியத்து ஒரு மணி நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

அதையும் நாளுக்கு ஒரு பிரிவு என்ற கணக்கையும் காப்பாற்றிய ஆசிரியை அடுத்த திங்கள் காலையும் அதே வாசலில்தான் நிற்பார். சாப்பாட்டுப் பை இருக்கும். இன்னொரு கையில் நோட்டுக் கட்டு இருக்காது, போன் இருக்கும். அதில் ஊரில் சீருடை மாட்டிக்கொண்டே பேசும் பிள்ளையின் குரல் கேட்கும்.