பக்கத்தின் அடியில் ஒரு லிங்க்: கூகுளில் மேலே வருமா?



போன செமஸ்டர் விடுமுறையில் கிள்ளானில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா கல்யாணத்துக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் கேட்டரிங் செய்கிறவர். அவருடைய அகப்பக்கத்தைச் செய்து கொடுத்தது நான்தான். சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இதைக் கொஞ்சம் பாரு. 900 வெள்ளி கட்டினா 2,000 அகப்பக்கத்துல நம்ம கடை லிங்க்கைப் போடுவாங்களாம். மூணு மாசத்துல கூகுள்ல முதல் இடமாம். கட்டிடலாமா?"

விளம்பரத்தின் கடைசி வரியில், எல்லா லிங்க்கும் ஃபுட்டரில் போடப்படும் என்று இருந்தது. 900 வெள்ளி மாமாவுக்குச் சின்னப் பணம் இல்லை. சரியாகத் தெரியாமல் "கட்டுங்க மாமா"ன்னும் சொல்ல முடியாது, "வேணாம்"ன்னும் சொல்ல முடியாது. ரெண்டு நாள் டைம் கேட்டு, உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன். நம்மில் பலர் குடும்பக் கடைக்கோ சங்கத்துக்கோ அகப்பக்கம் செய்து கொடுக்கிறோம். உங்களுக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

லிங்க்கை ஏன் எண்ணுகிறார்கள்?

ஃபுட்டர் என்பது பக்கத்தின் அடியில் இருக்கும் பட்டை. முகவரி, தொலைபேசி எண், காப்புரிமை வரி எல்லாம் அங்கே இருக்கும். ஒரு முறை எழுதினால் தளத்தின் எல்லாப் பக்கத்திலும் தானாக வரும். இந்த "தானாக" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

1998-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் என்ற முறையை விளக்கி எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்கள் லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை மாதிரி. மதிப்புள்ள பக்கம் பரிந்துரைத்தால் இன்னும் கனம். அதே ஆண்டில் கூகுள் நிறுவனம் பிறந்தது.

கணக்கு சுலபம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ஏதோ ஒரு லிங்க்கை அழுத்திக்கொண்டே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் லிங்க் வழியாகப் போக 0.85 வாய்ப்பு. மீதி 0.15, சலித்துப்போய் வேறு எங்கோ தாவுகிறார். பக்கத்தின் மதிப்பு 1 என்றும், அதில் 5 லிங்க் இருக்கிறது என்றும் வைத்தால், ஒவ்வொரு லிங்க்குக்கும் 0.85 ÷ 5 = 0.17 போகும். இப்போது ஃபுட்டரில் 20 லிங்க்கைத் திணியுங்கள். மொத்தம் 25. ஒவ்வொன்றுக்கும் 0.034தான். அதாவது மாமாவின் மெனு பக்கத்துக்குப் போக வேண்டிய மதிப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இது பழைய, எளிய கணக்கு. இன்றைய தேடுபொறி இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. ஆனாலும் அடிப்படை புரிய இது போதும்.

அச்சகத்தின் பெயர்

பழைய கணக்கில் எல்லா லிங்க்கும் சமம். நிஜத்தில் அப்படியா?

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். அடியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். 500 பத்திரிகை அடித்தால் 500 தடவை அந்தப் பெயர் வரும். அதற்காக 500 பேர் அந்த அச்சகத்தைப் புகழ்ந்தார்கள் என்று யாராவது சொல்வோமா? ஆனால் ஓர் அத்தை பந்தியில் உட்கார்ந்து, "சாம்பார் நல்லா இருக்கே, யார் சமையல்?" என்று கேட்டு, தன் மகள் கல்யாணத்துக்கும் அவரையே கூப்பிட்டால் அது பரிந்துரை. ஒரே ஒரு அத்தைதான். ஆனால் அவர் யோசித்துச் சொன்னது.

கூகுளும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2004-இல் அது விண்ணப்பித்து 2010-இல் பெற்ற ஒரு காப்புரிமையில், பயனர் ஒரு லிங்க்கை அழுத்துவதற்கான வாய்ப்பைப் பொறுத்து அதன் கனம் மாறலாம் என்று இருக்கிறது. லிங்க் பக்கத்தில் எங்கே இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிது போன்றவையெல்லாம் கணக்கில் வரலாம். காப்புரிமையில் இருப்பதெல்லாம் அப்படியே நடைமுறையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு. கூகுளில் இந்தத் துறையைப் பார்த்த மேட் கட்ஸும், ஃபுட்டர் லிங்க்குக்குக் கட்டுரைக்குள் வரும் லிங்க்கின் அளவுக்குக் கனம் இல்லாமல் போகலாம் என்று விளக்கியிருக்கிறார்.

விலைக்கு வாங்கினால்?

இங்கேதான் மாமாவின் 900 வெள்ளி வருகிறது. கூகுளின் ஸ்பேம் விதிகள், பல தளங்களின் ஃபுட்டரிலும் டெம்ப்ளேட்டிலும் பரப்பி வைக்கும் லிங்க்கை லிங்க் ஸ்பேமுக்கு உதாரணமாகவே காட்டுகின்றன. தரவரிசைக்காக லிங்க் வாங்குவதும் விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 24-இல் வந்த பெங்குவின் மாற்றம் இந்த மாதிரி லிங்க்கை நம்பியிருந்த பல தளங்களைக் கீழே தள்ளியது. 2016-இல் இருந்து பெரும்பாலும் இப்படிப்பட்ட லிங்க்கை மதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் கட்டிய காசு வீண். கூகுள் ஆட்களே பார்த்துத் தண்டனை கொடுப்பதும் இன்றுவரை உண்டு.

ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடையின் கதையைப் படித்தேன். 2010 ஆண்டிறுதி விற்பனைக் காலத்தில் பல பொருள்களின் தேடலில் அதுதான் முதலிடம். சம்பந்தமே இல்லாத தளங்களில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அதற்கு லிங்க் கொடுத்திருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது, கடை பல பக்கங்கள் பின்னால் போனது. லிங்க் போட்டது தங்களுக்குத் தெரியாது என்று கடை சொன்னது. அந்த வேலையைப் பார்த்த நிறுவனத்தையும் நீக்கியது. ஆனால் கூகுளில் கீழே போன பெயர் கடையின் பெயர்தானே?

நான் செய்த தவறு

இதைப் படிக்கும்போதே எனக்கு உறுத்தியது. மாமாவோடு சேர்த்து 3 பேருக்கு நான் அகப்பக்கம் செய்திருக்கிறேன். மூன்றின் ஃபுட்டரிலும் "மலேசியாவில் மலிவான அகப்பக்க வடிவமைப்பு" என்று என் பக்கத்துக்கு லிங்க் வைத்திருந்தேன். மொத்தம் 120 பக்கம், 120 லிங்க் என்று பெருமை வேறு. உண்மையில் அது யாரும் கொடுத்த பரிந்துரை இல்லை. அவர்களிடம் கேட்காமல் நானே எனக்குப் போட்டுக்கொண்ட ஓட்டு.

அன்று இரவே மாற்றினேன். மூவரிடமும் அனுமதி கேட்டு, வெறும் என் பெயரை மட்டும் வைத்தேன். லிங்க்கில் நோஃபாலோ என்ற குறியைச் சேர்த்தேன். "இதை என் பரிந்துரையாக எண்ண வேண்டாம்" என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. 2005-இல் வந்தது. 2019-இல் விளம்பர லிங்க்குக்கென்று ஸ்பான்சர்டு என்ற தனிக் குறியும் வந்தது.

அப்படியானால் ஃபுட்டர் எதற்கு?

வந்தவருக்கு உதவத்தான். அதில் இவை இருந்தால் போதும்:

1. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண். கூகுள் மேப்பில் இருப்பதும் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

2. முக்கியமான நாலைந்து பக்கங்களுக்கு லிங்க். எந்த லிங்க்கும் இல்லாத பக்கத்தைத் தேடுபொறியின் ரோபோ கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு ஃபுட்டர் நிஜமாகவே உதவும்.

3. தனியுரிமை அறிவிப்பு. ஆர்டர் படிவத்தில் பெயரும் எண்ணும் வாங்கினால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

மாமாவிடம் "வேணாம்"ன்னு சொன்னேன், காரணத்தோடு. அச்சகத்தின் உதாரணத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அப்ப அந்த அத்தையைத்தான் பிடிக்கணும்ன்னு சொல்ற" என்றார். அதேதான். விருந்து முடிந்த பிறகு வாடிக்கையாளரிடம் உண்மையான கருத்தைக் கூகுளில் எழுதச் சொல்லிக் கேட்கிறார். ஒரு விருந்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு காய்கறி வேண்டும் என்று நான் அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிறர் தாமாக லிங்க் கொடுக்க ஒரு காரணம் வேண்டுமே! முதல் இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த 900 வெள்ளியில் ஒரு பெரிய அண்டா வாங்கிவிட்டார்.

செய்து பாருங்கள்

நீங்கள் பார்த்துக்கொள்ளும் அகப்பக்கத்தின் ஃபுட்டரை இன்றே திறந்து பாருங்கள். ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு கேள்வி: கூகுள் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இதை இங்கே வைத்திருப்பேனா? "இல்லை" என்று பதில் வந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் லிங்க்ஸ் பகுதிக்குப் போய், உங்களுக்கு யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் எத்தனை பேர் அத்தை, எத்தனை பேர் அச்சகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.