உசாத்துணைச் சேவை: நூலகர் வினாக்களுக்கு விடை காணும் முறை

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• உசாத்துணைச் சேவை என்பதை விளக்குவீர்கள்.
• வாசகரின் வினாக்களை வகைப்படுத்துவீர்கள்.
• நூலகர் விடை காணும் படிமுறைகளை உதாரணத்துடன் எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

தகவல் தேடி வரும் வாசகருக்கு நூலகர் நேரடியாக வழங்கும் உதவியே உசாத்துணைச் சேவை எனப்படும். அமெரிக்காவின் வூஸ்ரர் நகரப் பொது நூலகத்தின் நூலகரான சாமுவேல் கிறீன், 1876 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடைபெற்ற நூலகர் மாநாட்டில் இவ்வுதவியின் அவசியத்தை எடுத்துரைத்தார். இந்திய நூலகவியலாளர் சீ. இரா. அரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதாகும். உசாத்துணைச் சேவையின் நோக்கமும் இதுவே.

2. வினாக்களின் வகைகள்

(அ) வழிகாட்டல் வினா: "பழைய பத்திரிகைகள் எங்கே உள்ளன?" போன்றவை.
(ஆ) உடன் விடை வினா: ஒரு நூலைப் புரட்டியவுடன் விடை கிடைக்கக் கூடியவை. உதாரணம்: ஒரு சொல்லின் பொருள், ஒரு நாட்டின் தலைநகரம்.
(இ) தேடல் வினா: பல மூலங்களைப் பார்த்து, ஒப்பிட்டு விடை காண வேண்டியவை.

3. கேட்ட வினாவும் தேவையான வினாவும்

வாசகர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் தேவையான வினா அன்று. நூலகம் நூல்கள் உள்ள இடம் என்பதால், தமது பிரச்சினையை ஒரு நூலின் பெயராகவோ பொதுவான தலைப்பாகவோ மாற்றியே அவர் கேட்கிறார். எனவே நூலகர் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்டுத் தேவையைத் தெளிவாக்குகிறார். இதுவே உசாத்துணை நேர்காணல் ஆகும்.

மட்டக்களப்புப் பகுதியின் நூலகம் ஒன்றில் நடைபெறுவதாக அமைந்த பின்வரும் கற்பனை உரையாடலைக் கவனிக்க.

வாசகர்: மிஸ், சூறாவளியைப் பற்றிப் புத்தகம் இருக்கா?
நூலகர்: இருக்கு ஐயா. சூறாவளி எப்படி உண்டாகிறது என்று பார்க்கவா? இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சூறாவளியைப் பற்றியா?
வாசகர்: எழுபத்தெட்டாம் ஆண்டு இங்க அடிச்சதைப் பற்றி. அது எந்தத் திகதி என்று தெரிய வேணும்.
நூலகர்: திகதி மட்டும் போதுமா, வேறு விபரமும் வேணுமா?
வாசகர்: எனக்குப் பிறப்புப் பதிவு இல்ல மிஸ். சூறாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் நான் பிறந்ததென்று அம்மா சொல்லுவா.

முதல் வினாவுடன் நூலகர் நின்றிருந்தால், டூயி தசாம்சப் பகுப்பில் 551.55 என்னும் எண்ணின் கீழுள்ள வளிமண்டலக் குழப்பங்கள் பற்றிய நூலொன்றை எடுத்துக் கொடுத்திருப்பார். வாசகரும் வெறுங்கையுடன் வீடு திரும்பியிருப்பார். நூலகர் "ஏன் கேட்கிறீர்கள்?" என்று வினவவில்லை என்பதையும் கவனிக்க. காரணத்தைக் கூறுவது வாசகரின் விருப்பம்.

4. விடை காணும் படிமுறைகள்

படி 1 – வினாவைத் தெளிவாக்கல்: 1978 சூறாவளியின் திகதியும், அதற்கு முந்திய வெள்ளிக்கிழமையின் திகதியும் தேவை.

படி 2 – மூலத்தைத் தெரிவு செய்தல்: கலைக்களஞ்சியம் இதற்குப் போதாது. இலங்கை வரலாற்றுக்குரிய 954.93 என்னும் எண்ணின் கீழுள்ள பிரதேச வரலாற்று நூல்களும், 1978 நவம்பர், டிசம்பர் மாதங்களின் வீரகேசரி, தினகரன் போன்ற தினசரிகளும் பொருத்தமானவை.

படி 3 – தேடல்: நூற்பட்டியல், நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு, பத்திரிகைக் கட்டு என்ற ஒழுங்கில் தேடுதல். சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது 1978 நவம்பர் 23 ஆகும்.

படி 4 – சரிபார்த்தல்: இரண்டாவது மூலத்துடன் ஒப்பிடல். அவ்வாண்டு நாட்காட்டியின்படி 23 ஆம் திகதி வியாழக்கிழமை. எனவே முந்திய வெள்ளி நவம்பர் 17.

படி 5 – மூலத்துடன் விடையளித்தல்: பத்திரிகையின் பெயர், திகதி, பக்கம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தல்.

படி 6 – திருப்தியை அறிதல்: "தேடி வந்தது முழுமையாகக் கிடைத்ததா?" எனக் கேட்டல்.

5. நூலகரின் எல்லை

சூறாவளியின் திகதி பதிவான செய்தி. "நவம்பர் 17 இல் பிறந்தேன்" என்பது தாயின் ஞாபகத்தை வைத்துச் செய்த கணிப்பு. இவ்விரண்டையும் நூலகர் பிரித்துக் கூற வேண்டும். அக்கணிப்பு பிறப்புக்குச் சான்றாகுமா என்று தீர்மானிப்பது அவரது வேலையன்று. அதற்காகப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் வாசகரை வழிப்படுத்துவார். இது ஆற்றுப்படுத்தல் எனப்படும். மருத்துவ, சட்ட வினாக்களுக்கும் இவ்விதியே பொருந்தும்: தகவல் தரலாம், ஆலோசனை வழங்கலாகாது. வாசகர் கூறிய சொந்த விடயங்களை இரகசியமாகப் பேணுவதும் நூலகரின் கடமை.

6. இணையமும் உசாத்துணையும்

இணையத் தேடற்பொறி கேட்ட சொற்களுக்கே விடை தேடும். "சூறாவளி" என்று எழுதினால் உலகின் பல சூறாவளிகள் வந்து நிற்கும். ஊர், ஆண்டு, தேவை ஆகியவற்றைச் சேர்த்து வினாவைத் திருத்துவது தேடுபவரின் பொறுப்பு. எழுதியவர் யார், எப்போது எழுதினார், வேறு மூலம் உறுதிப்படுத்துகிறதா என மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய ஈழத்துத் தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் பயனுள்ளது.

நினைவில் கொள்க
• திருத்தமான வினாவே விடையின் முதற்பாதி.
• மூலம் கூறாத விடை முழுமையற்றது.
• விடை கிடைக்காவிடின் ஊகித்துக் கூறாது, கிடைக்கும் இடத்தைக் காட்டுக.

மாதிரி வினா

"வீட்டுத் தோட்டம் பற்றிய நூல் தாருங்கள்" என ஒருவர் கேட்கிறார். அவருக்கு உண்மையில் தேவைப்படுவது கத்தரிச் செடியின் இலை வாடுவதற்கான காரணம்.
(அ) இதனை அறிய நூலகர் கேட்கக்கூடிய இரு கேள்விகளை எழுதுக. (4 புள்ளிகள்)
(ஆ) அவரை எங்கு ஆற்றுப்படுத்தலாம்? (2 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: (அ) "எந்தப் பயிர் பற்றி அறிய வேண்டும்?", "நடுகை முறையா, நோயா, பசளையா?" (ஆ) விவசாயப் போதனாசிரியரிடம். "ஆம்", "இல்லை" என்று மட்டும் விடை வரும் கேள்விகளை எழுதுவது மாணவர் விடும் பொதுவான தவறாகும். வாசகரைப் பேச வைக்கும் கேள்விகளையே எழுதுக.